கண்ணீருக்கு மன்னிப்புக் கேட்பானேன்?

வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு வாக்கியம் எனக்குப் பிடிப்பதே இல்லை. கதையைப் பற்றி எவ்வளவோ நன்றாக எழுதிக்கொண்டே வருவார்கள். எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனார்கள், எந்தப் பாத்திரத்தின் மேல் கோபம் வந்தது, யாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள் என்றெல்லாம் இருக்கும். கடைசியில், "அழுதுவிட்டேன், என் பலவீனத்தை மன்னிக்க வேண்டும்" என்று முடித்துவிடுவார்கள். யாரிடம் மன்னிப்பு? எதற்காக மன்னிப்பு? நாவலைப் படித்துச் சிரித்தவர் ஒருவர்கூட இதுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அழுதவருக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

இது தானாக வந்த கூச்சம் அல்ல, ஊட்டப்பட்ட கூச்சம். விமரிசகர்களில் ஒரு சாரார் இருக்கிறார்கள். "படித்தேன், அழுதேன்" என்று யாராவது சொன்னால் போதும், உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். கண்ணீர் வரவழைப்பது மட்டமான வித்தை; நல்ல இலக்கியம் மனத்தைக் கலக்காது, தெளிய வைக்கும்; அழுகிறவர் கலையை ரஸிக்கவில்லை, தம் சொந்தக் கஷ்டத்தை நினைத்துக்கொண்டு அழுகிறார் என்பது அவர்கள் கட்சி. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். மற்றப் பாதி வெறும் அந்தஸ்து. கொல்லைப்புறத்து வாசற்படியில் உட்கார்ந்து தொடர்கதை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஓர் அம்மாளும் தாமும் ஒரே புத்தகத்தை ஒரே மாதிரி அனுபவித்தோம் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வருவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் நம் வீட்டுச் சங்கதியைப் பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார். நகையை முதலில் வைத்தார். அடுத்த இடத்தை அழுகைக்குத்தான் கொடுத்தார். அதோடு விட்டாரா? அழுகை எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு காரணங்களும் சொன்னார். பிறர் நம்மை இழிவாக நடத்துவது, அருமையானதை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது, வறுமை. உங்களை அழ வைத்த நாவல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் வந்து நிற்கும். உள்ளத்தில் நிகழ்வது உடம்பிலே புலப்படுவதற்குத்தான் மெய்ப்பாடு என்று பெயர். எதைப் படித்தாலும் மெய்யில் ஒன்றும் படாமல் உட்கார்ந்திருப்பவரே உத்தம ரஸிகர் என்பது எங்கிருந்தோ வந்த கொள்கை, நம்முடையது அல்ல.

மேல்நாட்டுக் கொள்கை என்றும் அதைச் சொல்ல முடியாது. ஆங்கில அகராதியை 1755-ல் வெளியிட்ட டாக்டர் ஜான்ஸனைவிடக் கறாரான விமரிசகர் யார்? அவர் 1765-ல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்தபோது, லியர் மன்னனைப் பற்றிய குறிப்பில் ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதினார். பல வருஷங்களுக்கு முன் கார்டீலியாவின் சாவைப் படித்து அதிர்ந்து போனவர், பதிப்பாசிரியர் என்ற கடமைக்காகத் திருத்த உட்காரும் வரையில் அந்தக் கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் துணிந்தாரா என்பதே அவருக்கு நிச்சயமில்லையாம். அதற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் எதிர்க்கட்சியில் ஒரு பலமான சாட்சி இருக்கிறார். அவரை விட்டுவிட்டுப் பேசினால் வாதம் நியாயமாகாது. அமெரிக்க மனத்தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் வெளியிட்ட நூலில் ஒரு ருஷ்யச் சீமாட்டியைக் காட்டுகிறார். அவள் நாடகக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, மேடையில் வரும் கற்பனை மனிதர்களுக்காக விம்மி அழுகிறாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன் குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். ஓயாமல் நாவல் படிப்பதும் நாடகம் பார்ப்பதும் மனிதனை இப்படித்தான் ஆக்கும் என்று அவர் எச்சரிக்கிறார்.

சுருக்கென்று தைக்கிற உதாரணம்தான். நாமும் அறிந்ததுதானே? ஏழைப் பெண்ணின் கதையைப் படித்து முந்தானையை நனைத்துக்கொண்டே, வேலைக்காரி ஒரு நாள் வராததற்குச் சம்பளத்தைப் பிடிக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சீமாட்டி நாடகத்தில் அழாமல், ரஸனையோடு, நிதானமாக, காட்சியமைப்பின் நயத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் வண்டிக்காரன் பிழைத்திருப்பானா? அப்போதும் செத்துத்தான் போயிருப்பான். அவளுடைய குற்றம் உள்ளே அழுதது அல்ல. வெளியே வந்து பார்க்காதது. ஜேம்ஸும் உணர்ச்சியே கூடாது என்று சொல்லவில்லை. கலையால் கிளர்ந்த உணர்ச்சியை ஏதாவது ஒரு காரியமாக்கிவிடு என்கிறார். பெரிய தியாகம் வேண்டாம். வீட்டில் இருக்கும் அத்தையிடம் நாலு வார்த்தை பிரியமாகப் பேசு, வண்டியில் எழுந்து இன்னொருவருக்கு இடம் கொடு, அது போதும் என்கிறார். விமரிசகர்கள் சீமாட்டியை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்; அத்தையை மறந்துவிட்டார்கள்.

காரியமாக மாறிய உணர்ச்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள் ஒரு தாய். தமிழ்நாடே இரண்டு பட்டது. அந்தத் தாயை வணங்கினவர்களும் உண்டு, திட்டினவர்களும் உண்டு. அந்தச் சச்சரவிலிருந்துதான், தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டிவிட்டிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பிறந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாயிற்று. அது 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. வாசகர் எல்லாரும் 'ரஸனையோடு' மௌனமாக இருந்திருந்தால் இந்த நாவல் நமக்கு ஏது?

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். மட்டமான கண்ணீர் என்று ஒன்று உண்டு. அதற்குக் குற்றவாளி வாசகர் அல்ல, என் சொந்த ஜாதியான எழுத்தாளன்தான். தொடர்கதை தொய்ந்துபோகிற வாரம் பார்த்துக் கதாநாயகிக்கு இருமல் வரும். அதற்கடுத்த வாரம் கைக்குட்டையில் ரத்தம். யாரும் செய்யாத தவறுக்காக ஒரு குழந்தை சாகும். பாத்திரம் அழுவதற்கு முன்பே ஆசிரியர் அழுதுவிடுவார். ஆச்சரியக் குறிகள் வரிசை கட்டி நிற்கும். எழுதுகிறவனே அழுது தீர்த்துவிட்டால் படிப்பவருக்கு என்ன வேலை பாக்கி?

நல்ல கண்ணீரை அறிய ஓர் இடம் சொல்லுகிறேன். டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வில், கணவனைப் பிரிந்துபோன அன்னா, மகனுடைய பிறந்த நாளன்று அந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறாள். தூக்கத்திலிருந்து விழிக்கிற பையனோடு சில நிமிஷங்கள்தான் கிடைக்கின்றன. கணவன் வந்துவிடுகிறான், ஓடி வந்துவிடுகிறாள். முந்தின நாள் கடையில் ஆசை ஆசையாகப் பொறுக்கி வாங்கிய பொம்மைகளைப் பிரிக்கக்கூட அவகாசமில்லாமல், பொட்டலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டாள் என்று டால்ஸ்டாய் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். பிரலாபம் இல்லை, உபதேசம் இல்லை. அந்தப் பொட்டலம் மட்டும் நம் கையில் கனக்கிறது. இங்கே நாம் நம் கஷ்டத்தை நினைத்து அழவில்லை. ஒழுக்கம் தவறியவள் என்று சற்றுமுன் வரையில் நாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்திக்காக அழுகிறோம். தீர்ப்பை மாற்றச் செய்கிற கண்ணீர் இது. இருமலுக்கு வந்த கண்ணீர் எதையும் மாற்றாது. கன்னத்தில் காய்ந்து போகும்.

ஆகவே, உங்களைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் தலை குனியாதீர்கள். 'நான் யாருக்காக அழுதேன்? அவளைப்போல் ஒருத்தி என் தெருவில் இருக்கிறாளா? அவளைப் பற்றி நேற்று வரையில் என்ன பேசிக்கொண்டிருந்தேன்?' என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் அந்த நாவல் உயர்ந்தது. அதை எழுதியவனுக்கு நன்றி சொல்லுங்கள். பதிலே கிடைக்காவிட்டால் எழுதியவன் உங்களை ஏமாற்றியிருக்கிறான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவன்.