கத்திக்கு முன்னால் மாவுக்கட்டு

பச்சைக்குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் நம்மூரில் முதலில் நடப்பது சிகிச்சை அல்ல, விசாரணை. கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா? கத்தியைத் தொட்டாளா? உலகம் முழுக்க ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. கிரகணத்துக்குப் பயப்படாத ஊர்களிலும்தான்!

அடுத்த தவறு, 'வளரட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்' என்பது.

மூட்டுகளைத் திறந்து தசைநாண்களை விடுவிக்கும் பெரிய அறுவை சிகிச்சை பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. பாதம் நேராகிவிடும், உண்மைதான். அப்புறம்? அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் பரிசோதித்து 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பலருக்குப் பாதம் இறுகி மூட்டுத் தேய்ந்திருப்பதைச் சொன்னது.

இத்தனைக்கும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி 1940களின் இறுதியிலேயே மாற்றுவழி கண்டுவிட்டார். பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டுகள். பெரும்பாலானோருக்குக் குதிகால் தசைநாணில் மட்டும் ஒரு சின்ன வெட்டு. 1963ல் கட்டுரை எழுதினார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் சிகிச்சை பெற்றவர்களை முப்பது வருடம் கழித்துப் பார்த்த ஆய்வு 1995ல் வந்தது. நூற்றுக்கு 78 பேரின் பாதம் நன்றாக இருந்தது. பிறவிக் குறையே இல்லாதவர்களில் அது 85! அதற்குப் பிறகுதான் உலகம் விழித்தது.

அப்படியானால் ஆபரேஷனே கூடாதா? கட்டுக்கு அடங்காத பாதங்களும் உண்டு, அவற்றுக்குக் கத்தி வேண்டும். ஆனால் அது கடைசி வழி.

கட்டு பிரித்ததோடு கதை முடிவதில்லை. கம்பியால் இணைத்த ஷூவை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கைந்து வயதுவரை தூங்கும்போதும் போட வேண்டும். அழுகிறதே என்று கழற்றினால் பாதம் மறுபடி வளையும். உடனே பழி பெற்றோர் மேல்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. மத்திய அரசு 2013ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறைக்கு இலவச சிகிச்சை உண்டு. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு வாரம் ஒரு பயணம் என்றால் பஸ் செலவு, போன கூலி, வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளை... இவை எந்தப் பற்றுவரவிலும் ஏறுவதில்லை. சிகிச்சை நின்றுபோனால் பின்னால் வரும் பெரிய ஆபரேஷனுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இந்தப் பயணப்படி. அதைக் கொடுக்க அரசு ஏன் தயங்க வேண்டும்?