மதிலை விற்றது சரியா?



நம் குழுவில் அமெரிக்கப் பிள்ளைகள் போன வாரம் ரூடி கோபேரை வைத்துப் பெரிய சண்டையே போட்டீர்கள். "யூட்டா அவரை விற்றது கெட்டிக்காரத்தனம்" என்று ஒரு கட்சி, "இல்லவே இல்லை" என்று இன்னொரு கட்சி. கடைசியில் "சார், நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். சரி, சொல்கிறேன். கூடைப்பந்து பார்க்காத உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன்.

கோபேர் பிரான்ஸ் நாட்டுக்காரர். ஏழடிக்கும் மேல் உயரம். ஆடும் இடம் சென்டர். பந்தைப் போட்டுப் புள்ளி குவிப்பவர் அல்ல. வளையத்துக்குக் கீழே நின்று எதிரணியைப் போடவிடாமல் தடுப்பவர். என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை யூட்டா ஜாஸ் அணியில் இருந்தபோதே 2018, 2019, 2021 என மூன்று முறை வாங்கியவர்.

2022 ஜூலையில் அவரை மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு யூட்டாவுக்கு வந்தது ஐந்து வீரர்கள், புதுமுகத் தேர்வில் நான்கு முதல் சுற்று உரிமைகள், 2026-இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை ஒன்று. ஒற்றை ஆளுக்கு இவ்வளவு விலையா என்று அன்று எல்லோரும் மின்னசோட்டாவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

யூட்டா பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தொடர்ந்து ஆறு வருடம் பிளேஆஃப் போனார்கள். ஒரு முறைகூட இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2021-இல் 72 ஆட்டங்களில் 52 வென்று லீக்கிலேயே முதலிடம். அந்த வருடமும் இரண்டாம் சுற்றில் கிளிப்பர்ஸிடம் தோல்வி. கடைசி ஆட்டத்தில் டெரன்ஸ் மான் மட்டும் 39 புள்ளி. "கோபேரை வெளியே இழுத்துவிட்டால் போதும், மூலையில் நின்று மூன்று புள்ளியாகப் போடலாம்" என்ற பேச்சு அன்று வலுத்தது.

அந்த ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள், பிள்ளைகளே. மூலையில் ஆள் ஏன் தனியாக நின்றான்? வெளிவட்டத்தில் காவல் நின்றவர்களைத் தாண்டிப் பந்து உள்ளே வந்துகொண்டே இருந்தது. அதைத் தடுக்கக் கோபேர் வளையத்துக்கு ஓடினார். அவர் ஓடியதும் மூலை காலி. வாசல் காவலாளி தூங்கினால் பூஜையறைக் காவலாளிதான் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும். பழி மட்டும் பூஜையறைக் காவலாளிக்கு.

மின்னசோட்டாவில் நடந்ததைப் பாருங்கள். முதல் வருடம் தடுமாற்றம்தான்: 42 வெற்றி, 40 தோல்வி. கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் காயத்தால் பெரும்பகுதி ஆடவில்லை. கோபேரும் சக வீரரை அடிக்கக் கை ஓங்கி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அடுத்த வருடம் 56 வெற்றி. லீக்கிலேயே சிறந்த தடுப்பாட்டம். கோபேருக்கு நான்காவது விருது. 2004-க்குப் பிறகு முதல் முறையாக மேற்குப் பிரிவு இறுதிச்சுற்று. 2025-இல் மறுபடியும் அதே சுற்று. வழியில் லேக்கர்ஸை வீட்டுக்கு அனுப்பிய ஆட்டத்தில் கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட். ஆள் அதே ஆள்தான். முன்னால் ஜேடன் மெக்டேனியல்ஸ், ஆன்டனி எட்வர்ட்ஸ் போன்றவர்கள் காவல் நின்றார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எதிர்க்கட்சியின் வாதமும் எனக்குத் தெரியும். 2024-இல் கோபேர் தன் குழந்தை பிறந்ததால் ஆடாத ஆட்டத்தில் மின்னசோட்டா டென்வரை 106-80 என்று நொறுக்கியது. டல்லாஸுக்கு எதிராகக் கடைசி வினாடிகளில் டான்சிச் அவர் தலைக்கு மேலேயே மூன்று புள்ளி போட்டு வென்றார். இரண்டு இறுதிச்சுற்றிலும் 4-1 தோல்வி. மெய்தான். கோபேர் ஒருவரே கோட்டை என்று நான் சொல்லவில்லை. அவர் மதில். மதிலுக்குக் காவலும் வேண்டும்.

யூட்டாவின் கணக்கு? கோபேரை அனுப்பிய கொஞ்ச நாளில் டானவன் மிட்செலையும் விற்றார்கள். அடுத்த மூன்று வருட வெற்றிகள் 37, 31, 17. அந்தப் பதினேழு, அணியின் வரலாற்றிலேயே மோசமான கணக்கு. வாங்கிய உரிமைகளில் 2023-இல் கிடைத்தது 16-வது இடம், 2025-இல் 21-வது இடம். வாங்கியவன் நன்றாக ஆடினால் விற்றவனுக்குக் கிடைக்கும் இடம் பின்னால் போகும். நான்கு உரிமை என்று எண்ணும்போது பெரிதாகத் தெரிந்தது, கைக்கு வரும்போது சுருங்கியது. வாக்கர் கெஸ்லர், கியான்டே ஜார்ஜ் இருவரும் நல்ல பிள்ளைகள்தான். இன்னும் உரிமைகள் பாக்கியும் இருக்கின்றன. முழுத் தீர்ப்புக்கு 2029 வரை ஆகும்.

ஆனாலும் என் மதிப்பெண் இதுதான்: யூட்டா நல்ல விலை வாங்கியது, நல்ல முடிவு எடுக்கவில்லை. வெளிவட்டத்துக்கு இரண்டு காவல்காரர்களைத் தேடியிருக்க வேண்டிய அணி, மதிலையே விற்றது.

புள்ளி போடுகிறவனை எல்லோரும் எண்ணுகிறோம். அவன் நிற்பதைப் பார்த்து எதிரணி உள்ளே வராமலே திரும்பிய தடவைகளுக்கு எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை. ஏரிக்கரை உடையாத வருடத்தில் கரையைப் பற்றி ஊரில் யார் பேசுகிறார்கள்? உங்களில் பலர் இன்று அலுவலகங்களில் ஆள் எடுக்கிற, ஆள் குறைக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். பட்டியலைக் கையில் எடுக்கும்போது, யாரால் எது நடக்காமல் இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

மறுப்பு இருப்பவர்கள் கணக்கோடு வாருங்கள். வெறும் கூச்சலுக்குப் பதில் கிடையாது!