டீஸல் லாரிக்கு அழுத்தமானி அவசியமே

உழவு மாட்டுக்கு நோய் கண்டால், தீனி எடாமல் நின்று தன் உடையவனுக்கு அது அறிவித்துவிடும். டீஸல் எஞ்சினிடம் அக்குணம் இல்லை. அதன் விலையுயர்ந்த உறுப்பு உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்போதும் அது வழக்கம்போல் பாரம் இழுக்கும். பின்னர் ஒரு நாள், அறுவடை நெருக்கத்தில், நடுவழியில் நின்றுவிடும். இந்த மௌனத்தைக் கலைக்கவல்ல சிறு கருவியே டீஸல் அழுத்தமானி. மெக்கானிக்குகள் இதைப் பிரஷர் கேஜ் என்பார்கள். இதை வீண் அலங்காரம் என்று கருதுவோர் பலர். அக்கருத்துச் சரியன்று என்பதற்கு அமெரிக்கப் பண்ணைக்காரர்களின் அனுபவம் ஒன்றே போதும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைக்கோற்கட்டுகளையும் கால்நடைகளையும் ஏற்றிய வண்டிகளைப் பிக்கப் என்னும் சிறு லாரிகளின் பின்னே பூட்டி இழுப்பது வழக்கம். 1998-ம் வருஷத்தின் நடுவிலிருந்து 2002-ம் வருஷம் வரையில் அங்கு விற்கப்பட்ட டாட்ஜ் ராம் டீஸல் லாரிகளில், 5.9 லிட்டர் அளவும் 24 வால்வுகளும் உள்ள கம்மின்ஸ் எஞ்சினுடன், பாஷ் வி.பி.44 என்னும் இன்ஜெக்‌ஷன் பம்பு இணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் உறுதிக்குப் பெயர்பெற்றது. பம்போ அங்ஙனம் பெயர் பெறவில்லை.

இவ்வமைப்பில் பம்புகள் இரண்டு. மின்சாரத்தால் ஓடும் சிறிய லிப்ட் பம்பு, டாங்கியிலிருந்து டீஸலை இழுத்து, பில்ட்டர் வழியாகப் பெரிய இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தள்ளுகிறது. பெரிய பம்பு அதை மிக உயர்ந்த அழுத்தத்தில் நாஸில்களுக்கு அனுப்புகிறது. இப்பெரிய பம்புக்குத் தனியாக மசகெண்ணெய் கிடையாது. அதனூடே ஓடும் டீஸலே மசகாக இருந்து, சூட்டையும் தணிக்கிறது. எரிவதற்கு வேண்டியதினும் அதிகமான டீஸல் உட்சென்று, மிச்சம் சூட்டை வாங்கிக்கொண்டு டாங்கிக்குத் திரும்பவேண்டும். வரவு குறைந்தால் பம்பு சுடும், சுட்டால் தேயும். ஆயினும், டீஸலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் சக்தி பெரிய பம்புக்கு ஓரளவு உண்டு. ஆகையால் லிப்ட் பம்பு கெட்ட பின்னும் வண்டி ஓடுகிறது. ஓட்டுபவர் ஏதும் அறியார். மலிவான பம்பு கெட்டது தெரியாமையால், பன்மடங்கு விலையுள்ள பம்பும் பாழாகிறது.

அழுத்தமானி வேண்டாமென்போர் சொல்லும் காரணங்கள் மூன்று. வண்டியில் ஏற்கெனவே எண்ணெய் அழுத்தமானி உள்ளது என்பது ஒன்று. அது எஞ்சினுக்குள் சுற்றும் மசகெண்ணெயைக் காட்டுவது. டீஸலைப்பற்றி அது ஏதும் கூறாது. புது லிப்ட் பம்பு போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்பது மற்றொன்று. புது பம்பும் ஒரு நாள் பழையதாகும், பில்ட்டரும் அடைபடும். வண்டி இழுக்கச் சிரமப்பட்டால் அப்பொழுது பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. வண்டி சிரமப்படும் நாளில் பெரிய பம்பு பெரும்பாலும் கெட்டிருக்கும். ஆகவே மூன்றும் நில்லா.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது விவேகம் வேண்டும். இவ்வகை வண்டிக்கு, சதுர அங்குலத்திற்கு 0 முதல் 30 ராத்தல் வரை காட்டும் கருவி பொருத்தமானது. 100 ராத்தல் வரை காட்டுவதை வாங்கினால், முக்கியமான முதல் 10 ராத்தல் தட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். டீஸலையே குழாய்மூலம் ஓட்டுநர் முன் கொண்டுவரும் கருவி உதவாது. குழாய் வெடித்தால் டீஸல் உட்காருமிடத்தில் பாயும். எஞ்சினருகே உணர்கருவியும் உள்ளே கம்பி மட்டும் வருவதுமான மின்சாரக் கருவியே மேல்.

பொருத்துமிடமும் முக்கியம். பில்ட்டருக்குப் பின்னும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு முன்னும் அளக்கவேண்டும். பில்ட்டருக்கு முன் அளந்தால், பில்ட்டர் அடைபட்டுப் பெரிய பம்பு வறண்டிருக்கையிலும் கருவி நல்ல கணக்கையே காட்டும். உணர்கருவியைப் பம்பின்மேல் நேரே திருகினால் அதிர்ச்சியால் விரைவில் கெடும். டீஸல் தாங்கும் குட்டை ஹோஸ் ஒன்றால் இணைத்து, வண்டியின் உடலில் அதை நிறுத்தி, நடுவில் ஓர் ஊசி வால்வு வைத்துச் சிறிதளவே திறந்துவிட்டால், குழாயில் எழும் அழுத்தத் துடிப்பு அதை உடைக்காது. மரைகளில் வெள்ளை டேப் சுற்றலாகாது. அதன் துணுக்குகள் பம்புக்குள் சேரும். டீஸலுக்குக் கரையாத பசையே தக்கது. வேலை முடிந்தபின் லிப்ட் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா என்று துடைத்துப் பார்த்தபிறகே எஞ்சினைக் கிளப்பவேண்டும்.

கருவியை மாட்டிவிட்டுப் பாராமலிருப்பது மாட்டாமைக்குச் சமம். அந்த வண்டிகளில் நின்ற நிலையில் 10 ராத்தலுக்குக் குறையாமலும், பாரத்துடன் மேடேறுகையில் 5 ராத்தலுக்குக் கீழே இறங்காமலும் இருக்கவேண்டுமென்பது பழகியவர்களின் கணக்கு. பாரம் இழுக்கும்போது பார்க்கும் எண்ணே மெய்யான எண். அது குறையத் தொடங்கினால் முதலில் பில்ட்டரை மாற்றுக; மாற்றியும் ஏறாவிடில் குழாய்களையும் லிப்ட் பம்பையும் சோதிக்க.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் இதில் படிப்பினை உண்டு. பழைய லாரி, டிராக்டர்களில் காணும் வரிசைப் பம்புகளுள் பலவற்றுக்கு எஞ்சின் எண்ணெயே மசகு. ரோட்டரி பம்புகளுக்கோ டீஸலே மசகு. அடைபட்ட பில்ட்டரும் தண்ணீர் கலந்த டீஸலும் அவற்றை நேரே தாக்கும். தம் வண்டியிலுள்ளது எவ்வகை என்று ஒவ்வொருவரும் மெக்கானிக்கிடம் கேட்டறிவது நலம். மேற்கூறிய ராத்தற் கணக்கை எல்லா வண்டிக்கும் பொதுவென்று கொள்ளலாகாது. அந்தந்த வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம். டிராக்டரை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்களில் கைகள் பல மாறுவதால் கவனம் சிதறும். அங்கே அழுத்தமானி ஒன்று பொருத்தி, வண்டி வெளியே போகும்போதும் திரும்பும்போதும் அதன் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைக்கக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். அரை நிமிஷ வேலை அது. காப்பதோ ஒரு பம்பின் விலையையும், களத்தில் நெல் காத்துக்கிடக்கும் நாட்களையும்.