மழைமறைவு நாட்டில் வைப்பர்

திருப்பூரில் வண்டி வைத்திருப்போர் மத்தியில், பனியன் கம்பெனி முதலாளி முதல் துணி ரோல்களை நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு ஏற்றிச் செல்லும் டெம்போ டிரைவர் வரையில், ஏறக்குறைய சர்வசம்மதமாக நிலவிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இவ்வூரில் ஐப்பசி, கார்த்திகை நீங்கலாகக் கண்ணாடியில் நீர் விழும் நாள்கள் சொற்பம். ஆகவே வைப்பர் ரப்பர் தேய வழியில்லை. மழைக்காலம் நெருங்கும்போது ஒரு முறை கவனித்தால் போதும் என்பதே அது. கேட்பதற்கு வெகு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தில் மழை குறைவு என்னும் முற்பகுதி மாத்திரமே மெய். அதிலிருந்து பெறப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் விபரீதமானவை.

மழைதான் ரப்பரைத் தேய்க்கிறது என்ற எண்ணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நனைந்த கண்ணாடியில் ஓடும் ரப்பருக்கு அந்த நீரே மசகு. அப்போது அதற்கு நேரும் சேதம் அற்பம். வைப்பரின் ஜீவன் முழுவதும் அதன் அடியிலுள்ள மெல்லிய விளிம்பில் இருக்கிறது. அவ்விளிம்பு சற்றே சாய்ந்து நீரை வழித்துச் சென்று, கோடியை எட்டியதும் மறுபுறமாகப் புரண்டு சாய்ந்து திரும்பி வர வேண்டும். அந்தப் புரளும் குணம் உள்ளவரையில்தான் அது வைப்பர். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரின் மென்மையைச் சிறிது சிறிதாக அபகரித்துக்கொள்கின்றன. மாதக்கணக்கில் ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி சுடுகண்ணாடியின் மேல் வெந்துகொண்டிருக்கும் விளிம்பு, அந்தச் சாய்விலேயே இறுகிப்போகிறது. பிறகு ஐப்பசியில் சுவிட்சைத் தட்டினால், போகும்போது ஒழுங்காக வழித்துவிட்டு வரும்போது தடதடவென்று துள்ளுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் கம்பெனி வாசலில் பகல் முழுவதும் நின்ற வண்டியின் வைப்பர் ஒரு துளி மழையையும் காணாமலே கிழடாகிவிடுகிறது என்பதே உண்மை.

இதற்குப் பரிகாரமாக வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போவோர் உண்டு. சுடும் கண்ணாடியிலிருந்து விளிம்பு தப்புகிறது என்பது வாஸ்தவம். ஆயினும் வெயிலும் காற்றும் அதை எல்லாப் பக்கங்களிலிருந்தும் தாக்குவதற்கு அதுவே வசதியாகிவிடுகிறது. நிழலில் நிறுத்துவதே உத்தமம். நிழல் கிட்டாத இடத்தில் வைப்பரையும் சேர்த்து மூடும்படி கண்ணாடியின் மேல் ஒரு துணியை விரிப்பது மத்தியமம்.

வறண்ட ஊரில் வைப்பருக்கு வேலையே இல்லை என்பதும் அனுபவத்துக்குப் பொருந்தாது. பிளீஸ் துணியைச் சுரண்டிப் பஞ்சு எழுப்பும் ரைசிங் பட்டறைகளின் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் வண்டிகளின் மேல் நுண்ணிய பஞ்சுத்தூசி படிவதை யாவரும் கண்டிருக்கலாம். பஞ்சு சாதுவான வஸ்துதான். ஆனால் அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைக் காட்டிலும் கடினமானது. தூசியைத் தள்ளும் பொருட்டு உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டும் டிரைவர், அம்மணலை ரப்பரின் கீழ் வைத்து அரைவட்டமாகக் கீறுகிறார். பகலில் கண்ணுக்குத் தட்டாத அக்கீறல்கள், இரவில் அவிநாசி சாலையில் எதிர்வரும் வண்டியின் விளக்கு பட்டதும் ஒளிவளையங்களாகச் சிதறும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய புது வைப்பரும் அதைத் தீர்க்காது.

பல ஊர்ப் பட்டறைகளுக்கும் துடைப்பதற்கான பனியன் வேஸ்ட்டை அனுப்பிவைக்கும் ஊர் இது. அந்த வேஸ்ட்டையே டீசலில் அல்லது மண்ணெண்ணெயில் தோய்த்து ரப்பரைத் துடைத்தால் புத்துயிர் பெறும் என்று நம்புவோரும் இங்கே ஏராளம். அன்றைக்கு மினுங்குவது என்னவோ நிஜம். ஆனால் இயற்கை ரப்பர் அவ்வெண்ணெயை உறிஞ்சி ஊதி, விளிம்பின் நேர்க்கோட்டை இழக்கிறது. எண்ணெய்ப்படலமோ கண்ணாடியில் ஏறி, முதல் மழையில் பாதையையே மறைக்கிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது இதனினும் மோசம். வழுவழுப்புக்காகத் தயாரிப்பாளர் பதப்படுத்திய மேற்பரப்பு அதோடு போய்விடும். வெள்ளை வேஸ்ட்டில் சிறிது சோப்பு நீரைத் தொட்டு, கரி ஒட்டுவது நிற்கும் வரையில் விளிம்பை நெடுக வழித்துவிடுவதே போதுமான சிகிச்சை, கண்ணாடிக்கும் அதுவே.

தண்ணீரைப் பற்றிய அசிரத்தைதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. கடின நீர் சாயத்தொட்டிக்கு ஆகாது, பிடிப்பைக் கெடுக்கும் என்று சாயப்பட்டறைக்காரர் அனைவருக்கும் தெரியும். அதைப் பதப்படுத்தாமல் அவர்கள் தொழில் செய்வதில்லை. அவர்களுடைய வண்டியோ ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரில் கழுவப்பட்டு, துடைக்கப்படாமல் வெயிலில் காய்கிறது. வாஷர் டேங்கிலும் அதே நீர். காய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி கல்லாகப் படிய, அதன் மேல் வைப்பர் தாவித் தாவிச் செல்ல, பழி மட்டும் ரப்பரின் தலையில் விழுகிறது. ஆர்.ஓ. தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ டேங்கில் ஊற்றுவதற்கு ஆகும் செலவு கணக்கில் வராது.

இனி, இவ்வூரில் மழையில்லை என்பதை அப்படியே ஒப்புக்கொண்டாலும், வண்டி இவ்வூரிலேயே நிற்பதில்லையே! ஆனி மாதத்தில் இங்கே புழுதி பறக்கும்போது, கொச்சிக்குப் புறப்பட்டவர் வாளையாறு தாண்டிய சிறிது தூரத்தில் தென்மேற்குப் பருவமழைக்குள் நுழைகிறார். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வால்பாறைக்குச் செல்பவருக்கு மேகமே எதிரே வந்து நிற்கும். ஐப்பசிக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு நான்கு மாதம் முன்னதாகவே அங்கே ஐப்பசி வந்துவிடுகிறது. மழைக்குச் சற்று முன்னால் மாற்று என்ற அவர்களது யோசனையில் ஓரளவு விவேகம் உண்டுதான்; தை மாதத்தில் புதிது போட்டுக் கோடை முழுவதும் வேகவைப்பதில் லாபமில்லை. மலையாளக் கரைக்குப் போகும் வண்டிக்கு வைகாசித் தொடக்கமும், ஊருக்குள் ஓடும் வண்டிக்குப் புரட்டாசியும் ஏற்ற காலம். இடையில் அவ்வப்போது நீர் தெளித்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த தட்டை வைப்பர் போட்டால் கவலையே இல்லை என்பது இன்னொரு பிரமை. சட்டமில்லாத அவ்வகை, வளைந்த கண்ணாடியில் சீராக அழுந்துவதும், பஞ்சும் மண்ணும் சிக்க மூட்டுகள் இல்லாதிருப்பதும் விசேஷமே. எனினும் அதிலும் சாதாரண ரப்பர் இருந்தால் வெயிலுக்கு அதுவும் ஒன்றே. சிலிக்கோன் ரப்பர் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும்; விலையும் கூடுதல். பழைய இரும்புச்சட்டம் துருவின்றி, மூட்டுகள் இளக்கமாக இருந்தால் ரப்பர் பட்டையை மட்டும் மாற்றுவதில் குற்றமில்லை. நீளத்தில் மட்டும் தாராளம் காட்டலாகாது: பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கத்தது நீளம், மற்றது குட்டை, அதிகம் வழிக்கட்டும் என்று ஓரிரு அங்குலம் கூட்டினால் ஒன்றோடொன்று மோதும், அல்லது ஸ்பிரிங்கின் அழுத்தம் நீளத்தில் பங்கிடப்பட்டு நுனி மேலே மிதக்கும். மாற்றும்போது, பிளேடு கழன்ற வெறும் இரும்புக் கை ஸ்பிரிங்கின் வேகத்தில் வந்து அறைந்தால் கண்ணாடியே விரிசல் கண்டுவிடுமாதலால், மடித்த பனியன் துணியொன்றைக் கண்ணாடியின் மேல் போட்டுக்கொண்டுதான் கொக்கியில் கை வைக்க வேண்டும். அத்துணிக்கு இவ்வூரில் பஞ்சமில்லை.