அரசியல் அறிவியல் படிப்பு: எங்கள் நிலைப்பாடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பிடம், பிளஸ் டூ முடிவு வந்ததும் கேட்கப்படும் கேள்வி இது: பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்த்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் பட்டம் மட்டும் போதாது. விரும்பிக் கேட்கும் மாணவரைத் தடுக்கக் கூடாது. வேறெதிலும் சீட் கிடைக்காதவரை அதில் தள்ளிவிடவும் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

தொழிற்பேட்டையை நம்பி வளர்ந்த பகுதி என்பதால், இங்கே கல்லூரி என்றாலே பொறியியல் கல்லூரிதான். அதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளின் கதையே அரசியல் கதை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. சில ஆண்டுகளில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இதே ஊருக்கு வந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து 7 நிறுவனங்களாக்கினார்கள். டாங்கித் தொழிற்சாலை ஒரு நிறுவனத்துக்கும், பக்கத்திலேயே இருக்கும் உடைத் தொழிற்சாலை இன்னொன்றுக்கும் போயின. இந்தத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அப்பாவின் வேலை யார் கைக்குப் போனது, அதை முடிவு செய்தது யார் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

ஐ.ஏ.எஸ். ஆசை காட்டி இந்தப் படிப்பை விற்பதை நாங்கள் எதிர்க்கிறோம். குடிமைப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். முதன்மை எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500தான். அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்கும் பொறியாளர்களும் உண்டு. ஆட்சியியல் கேள்விகள் வரும் பொது அறிவுத் தாளில் கை கொஞ்சம் ஓங்கும், அவ்வளவே. டி.என்.பி.எஸ்.சி.யிலும் அப்படித்தான்.

ஆசிரியராக நினைப்பவர்களிடம் சேரும்போதே சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பாடத்தில் இளங்கலை மட்டும் முடித்தவருக்குத் தமிழ்நாட்டில் பி.எட். இடம் இல்லை, எம்.ஏ.யும் வேண்டும். மூன்றாம் ஆண்டில் இதைக் கேள்விப்பட்டுத் திகைக்கும் மாணவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டோம். கல்லூரி ஆசிரியப் பணி என்றால் எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் அல்லது செட்.

எங்கள் பார்வையில் நேரான வழி சட்டம். பி.ஏ.வுக்குப் பின் மூன்றாண்டு சட்டப் படிப்பு. பாரிமுனையில் இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் புறநகருக்கு மாற்றப்பட்டபோது அதில் ஒரு பாதி திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது. ஆவடிக்காரர்களுக்கு மின்ரயில் வழி. செய்தித்துறை, தொண்டு நிறுவனங்கள், கொள்கை ஆய்வு ஆகியவற்றிலும் இடமுண்டு. அங்கே கேட்பது தெளிவான எழுத்தும் புள்ளிவிவரத்தைக் கையாளும் பழக்கமும். தேர்தல் வியூக நிறுவன வேலை கவர்ச்சியானது, ஆனால் பெரும்பாலும் தேர்தலோடு முடிகிற ஒப்பந்தம்.

இந்த வட்டார அரசு மேல்நிலைப் பள்ளிகளில் அரசியல் அறிவியல் உள்ள கலைப்பிரிவைக் குறைக்காமல் நடத்த வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கோருகிறோம். ஆவடி 2019இல் மாநகராட்சியானது. அதன் முதல் மாமன்றம் 2022இல் அமைந்தது. அந்த மாமன்றக் கூட்டங்களையும், சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலமான அம்பத்தூரின் மண்டலக் குழுக் கூட்டங்களையும் மாணவர்கள் பார்வையாளர்களாக இருந்து கவனிக்கவும், வரவு செலவுத் தாள்களைக் கேட்டுப் படிக்கவும் இரு மாநகராட்சிகளும் அனுமதிக்க வேண்டும். கல்லூரிகள் அந்த வேலைக்கு மதிப்பெண் தர வேண்டும்.