தும்பாவில் ஆயர் கேட்ட கேள்வி

கேரளத்தின் கழக்கூட்டத்திலிருந்து மேற்கே கடலை நோக்கிப் போனால் தும்பா. புவிகாந்த நடுக்கோட்டை ஒட்டிய அந்தக் கரையை ராக்கெட் ஏவத் தேர்ந்தார் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய். அங்கே மீனவர் வீடுகளும் புனித மகதலா மரியா ஆலயமும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு வழிபாட்டில் விஷயத்தைச் சொல்லி, ஆலயத்தைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். சபை ஆமென் என்றது. அப்துல் கலாம் சொல்லிச் சொல்லி நாடறிந்த நிகழ்ச்சி இது. முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று பறந்தது.

அறிவியலும் சமயமும் கைகோத்ததாகவே எல்லோரும் இதைக் கொண்டாடுகிறார்கள். ஆயர் கேட்டார் என்பதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. ஆலயச் சொத்தைக் கைமாற்றத் திருச்சபைச் சட்டம் ஆயரின் ஆலோசனைக் குழுக்களைக் கேட்கச் சொல்கிறது, பெரிய சொத்தென்றால் ரோமைக் கேட்கச் சொல்கிறது. பங்கு மக்களின் சம்மதத்தை அது கோரவில்லை. இன்றும் அப்படித்தான்.

ஆனால் அந்த ஆமெனை நம்மால் அப்படியே கடந்துபோக முடியவில்லை. வழிபாட்டின் நடுவே ஆயர் கேட்கும்போது மாட்டேன் என்று எழுந்து சொல்ல யாருக்குத் துணிவு வரும்? வீட்டையும் வலை காயப்போட்ட மணலையும் விட்டுப் போகவேண்டியவர்கள் அவர்கள். சாராபாயின் பேச்சும் ஆயரின் பேச்சும் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த மக்களுடையதாக வந்தது அந்த ஒரு சொல் மட்டுமே.

இதனால் தலைமையே வேண்டாம் என்றாகாது. இயேசு தலைமையை ஒழித்துவிடவில்லை. மாற்கு 10இல் அவர் விலக்கியது அடக்கியாள்வதை. யோவான் 21இல், மீன் பிடித்துக் களைத்து வந்த பேதுருவிடம் கடற்கரையில் அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார்; ஒவ்வொரு முறையும் கேட்டபிறகே ஆடுகளை ஒப்படைக்கிறார். உயிர்ப்பின் செய்தியைச் சீடர்களிடம் முதலில் கொண்டுவந்த மகதலா மரியாவை அவர்கள் நம்பவில்லை. அவள் பெயரில் ஆலயம் கட்டிய கரையில் பெண்களின் பேச்சும் நமக்கு வந்து சேராமல் போனது நம்மை உறுத்துகிறது.

முதல் ராக்கெட் பறந்து சரியாக ஓராண்டில், 1964 நவம்பர் 21 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. ஆயர்களைப் பற்றிய இயலுக்கு முன்பாக இறைமக்களைப் பற்றிய இயலை வைத்தது. அந்த வரிசையே ஓர் இறையியல். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்போ பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமையோடு நிறுத்திக்கொண்டது. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றம் இதை மறுபடி யோசிக்கச் சொல்லியிருக்கிறது.

ரோம் திருத்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பேரவையின் கருத்துக்கு மாறாக முடிவெடுக்கும் பங்குத்தந்தை காரணத்தை எழுத்தில் தரட்டும். ஆலய நிலத்தைத் தொடும் எந்த முடிவும் வழிபாட்டுக்கு வெளியே, பெண்களும் பேசுகிற ஊர்க்கூட்டத்தில், யோசிக்கப் போதிய அவகாசத்தோடு வைக்கப்படட்டும். இதற்குத் தடைபோடும் திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை.