கேட்கானைக் கழற்றினால் வண்டி பறக்குமா?

புது வண்டி வாங்கி முதல் சர்வீஸ் முடிவதற்குள் யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுகிறார். "கம்பெனி சைலன்சர் வண்டியை அமுக்கிப் பிடிக்குது. கேட்கானைக் கழட்டிட்டு ஃப்ரீ ஃப்ளோ போடு. பிக்கப் ஏறும், மைலேஜும் கூடும்." பட்டறைக்குப் பட்டறை ஒலிக்கும் இந்தப் பேச்சில் உண்மை மிகக் குறைவு.

மெக்கானிக்குகள் கேட்கான் என்று சுருக்கிச் சொல்லும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், தேன்கூடு மாதிரி கண்ணறைகள் கொண்ட ஒரு சிறு உருளை. பெண்ட் பைப்பிலோ சைலன்சருக்குள்ளோ உட்கார்ந்திருக்கும். கண்ணறைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு உண்டு. சூடேறியதும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் பெருமளவு தீங்கில்லாத வாயுக்களாக மாற்றிவிடும்.

மைலேஜ் கூடும் என்பது முதல் பொய். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 பைக்குகளில் கேட்கானுக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. சீரான வேகத்தில் போகும்போது, அது சொல்வதைக் கேட்டுத்தான் இன்ஜினின் கணினியான இ.சி.யு. பெட்ரோலை அளந்து விடுகிறது. கலப்பில்லாத பெட்ரோல் என்றால் எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. சென்சாருக்குப் பின்னால் கேட்கான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அளவு மாறாது. அப்புறம் மைலேஜ் எங்கிருந்து கூடும்?

குறையத்தான் வழி இருக்கிறது. வெல்டு வைத்த இணைப்பில் நூலளவு இடைவெளி விட்டால் போதும், வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொள்ள, இ.சி.யு. இன்னும் கொஞ்சம் பெட்ரோலைத் தள்ளும். ஆக்சிலரேட்டரை விட்டதும் குழாயில் படபடவென்று வெடிக்கிறதே, அங்கே எரிவது காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். சில குழாய்களில் சென்சாரை மாட்ட மரையே இருக்காது. அதை அப்படியே கழற்றித் தொங்கவிடுவார்கள்.

பிக்கப் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரேஸ் டிராக்கில், இ.சி.யு.வை ரீமேப் செய்த இன்ஜினில், உயர்ந்த ஆர்.பி.எம்.மில் கொஞ்சம் பவர் கிடைக்கும். வண்டியின் எடையும் குறையும். ஆனால் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 20.2 பி.எச்.பி. தரும் அந்த இன்ஜின் தன் உச்ச டார்க்கான 27 என்.எம்.மை 4,000 ஆர்.பி.எம்.மிலேயே கொடுத்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு வேண்டியது அந்தக் கீழ்ப்பகுதி இழுவைதான். குழாயின் நீளமும் விட்டமும் மாறினால் முதலில் கெடுவது பெரும்பாலும் அதுவே. சத்தம் கூடியதைக் காது வேகம் கூடியதாக எடுத்துக்கொள்கிறது.

"புகை டெஸ்ட்டில் பாஸ் ஆகுதே" என்பது அடுத்த வாதம். ஆகலாம். அங்கே வண்டியை ஐடிலில் நிறுத்தி கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி தொடுவதில்லை. பி.எஸ்.6 விதியோ அதைக் கிலோமீட்டருக்கு 0.06 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது.

சத்தம் உயிரைக் காப்பாற்றும் என்பவர்களுக்கு 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை பதில் வைத்திருக்கிறது. பைக் விபத்துகளை ஆராய்ந்த அது, ஆபத்துகளில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுநருக்கு நேர் எதிரே, இருபக்கமும் 45 டிகிரிக்குள் இருந்தே வந்தன என்கிறது. சைலன்சரின் வாய் இருப்பது பின்பக்கம். எதிரே திரும்பப்போகும் கார்க்காரரைவிட, பின்னால் வருகிறவரும் இரவில் வீட்டுக்குள் தூங்கும் கைக்குழந்தையும்தான் அந்தச் சத்தத்தை அதிகம் வாங்குகிறார்கள்.

"என் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும்?" இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி இருசக்கர வண்டிகள். சிவப்பு விளக்கில் பக்கத்து ஸ்கூட்டரின் முன்னால் நிற்கும் பிள்ளையின் மூக்கு, பல நேரம் நம் சைலன்சருக்கு இரண்டடி தூரத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, புகை, ஒலி விதிகளை மீறினால் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

ஏற்கெனவே கழற்றியவர்கள் பழைய பைப்பை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால், திரும்ப மாட்டுவது பட்டறையில் சிறு வேலைதான். இணைப்புகளுக்குப் புது கேஸ்கெட் போட்டு, ஆக்சிஜன் சென்சார் ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா, மீட்டரில் இன்ஜின் விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டும்.